கோயில்பிள்ளையின் இரலை

பழைய ஒட்டு இளக வேண்டும், அவ்வளவுதான். அது இளகுகிற வரைக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆவுடையப்பன் பஞ்சை அசிட்டோனில் தோய்த்து, கல்லாகிப்போன மண்டையோட்டின் மேல் இரண்டு கொம்புகளும் ஒட்டியிருந்த இடங்களைச் சுற்றித் திணித்து, ஆவியாகிப் போய்விடாமல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி நூலால் கட்டிவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பல்வலிக்காரனுக்குத் தலையைச் சுற்றிக் கட்டுப்போட்ட மாதிரி இருந்தது. எத்தனையோ லட்சம் வருஷங்களுக்கு முன்னால் இமயமலை அடிவாரத்தில் புல் மேய்ந்த பிராணிக்கு இந்த வயதில் பல்வலி. நினைத்தாரே தவிர சிரிப்பு வரவில்லை. மின்விசிறியை நிறுத்தியிருந்தார், காற்று பட்டால் அசிட்டோன் தங்காது. நெயில்பாலிஷ் நெடி அறை முழுக்க. நிலவியல் துறையில் எல்லோரும் யார் வீட்டு வரவேற்புக்கோ போயிருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் தினம் வந்து எலும்புகளோடு உட்கார்ந்திருக்கிற மனிதரைக் கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, கூப்பிட்டாலும் அவர் போகிறவர் இல்லை. மான் மண்டை வைத்திருக்கிற அறை என்றுதான் இந்த அறைக்குப் பெயர். அண்ணாச்சி கேட்டால் கோபம் வரும். "ஏல, மான் கொம்பு வாடகை வீடுல, வருசா வருசம் காலி பண்ணிட்டுப் போயிரும். இது இரலை. சொந்த வீடு. சாவுற மட்டும் அதே கொம்புதான்." அண்ணாச்சி என்றால் கோயில்பிள்ளை, நாசரேத்துக்காரர், இதே துறையில் இவரோடு ஒரே மேஜையைப் பங்கிட்டுக்கொண்ட ஆய்வாளர், இவரைவிட நாலைந்து வயது மூத்தவர், செத்துப்போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்தப் பிராணிக்கு உலகம் முழுக்க இன்று வழங்குகிற பெயர் அவருடைய பெயர்தான். கோயில்பிள்ளையி. லத்தீனுக்காகக் கடைசியில் ஒரு வாலை ஒட்டி அந்தப் பெயரை வைத்தது ஆவுடையப்பன். அந்தப் பெயர் நிற்குமா போகுமா என்பதைத்தான் பஞ்சுக்கடியில் ஊறிக்கொண்டிருக்கிற பசை சொல்லப்போகிறது.

எல்லாம் அந்தப் பெண்ணால் வந்தது. ஹர்லீன், சண்டிகரில் ஆராய்ச்சி செய்கிறாள், முகம்கூடப் பார்த்ததில்லை. திட்டலாம் என்றால் அதற்கும் இடம் வைக்கவில்லை, அவ்வளவு மரியாதையாகக் கேட்டிருந்தாள். ஐயா, உங்கள் மண்டையோட்டின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், கொம்புகள் இடம் மாறி ஒட்டப்பட்டிருக்க வாய்ப்பு உண்டா. படித்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டது. நேற்றுப் பிறந்தவளுக்கு என்ன தெரியும் என்று சொல்லிக்கொண்டார், ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, தூங்காததிலிருந்தே தெரிந்துவிட்டது அவளுக்குத் தெரியும் என்று. கொம்பு என்பது பேச்சுக்குத்தான். மேலுறை மட்கிப்போய்விடும், உள்ளே இருக்கிற எலும்புத் தண்டுதான் கல்லாகிக் கிடைக்கும். அந்தத் தண்டு கயிறு முறுக்கின மாதிரி திருகிக்கொண்டு ஏறும். இந்தக் கூட்டத்து இரலைகளுக்கெல்லாம் வலது கொம்பு ஒரு திசையில் திருகும், இடது கொம்பு எதிர்த்திசையில் திருகும். கோயில்பிள்ளையிக்கு மட்டும் தலைகீழ். அதனால்தான் அது தனி இனம். மற்றபடி பல் அதே பல், கண்குழி அதே கண்குழி, தாடை, நெற்றி எல்லாம் அந்த மலையில் காலை வைத்த இடமெல்லாம் கிடைக்கிற சாதாரண இரலையுடையதுதான். திருகல் ஒன்றுதான் வித்தியாசம். வலதை இடத்திலும் இடதை வலத்திலும் ஒட்டிவிட்டால் எந்தப் பழைய இரலையும் புது இரலை ஆகிவிடும். செருப்பைக் கால் மாற்றிப் போட்டால் ரெண்டு எட்டு வைப்பதற்குள் தெரிந்துவிடும். கல்லுக்கு அது தெரியாது, மாற்றி வைத்தால் வைத்தபடி முப்பது வருஷம் இருக்கும். இப்படி ஒரு தப்பை வெளியே சொன்னால் சொந்தத் தங்கைக்குக்கூடப் புரியாது. அதனால என்ன அண்ணே, எடுத்து மாத்தி ஒட்டிருங்க என்பாள். கிண்டியில் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் மேய்கிற வெளிமானை, பெயர்தான் மான், அதுவும் இரலைதான், பார்த்தபடி அண்ணாச்சி கடலை தின்றுகொண்டே சொல்வார், இதுல வலது எது இடது எதுன்னு கண்ணைப் பொத்திட்டுத் தடவிச் சொல்லுதேன், பந்தயமா. சொல்லவும் செய்வார். பஞ்சின் மேலே இன்னும் ஒரு சொட்டு விடலாமா. சொட்டுக் குழாயால் பிளாஸ்டிக் தாளின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் அசிட்டோன் விட்டார். விரல் நுனி வெளுத்துக் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி பிடிக்கவில்லை. ஏதோ ஒரு நெற்றியைத் தொட்ட ஞாபகம் வரப் பார்த்தது, தொட்டால்தானே ஞாபகம் வரும், தொடவே இல்லையே என்று கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

போன் அடித்தது. எப்சிபாள். கோயில்பிள்ளையின் மனைவி, அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், தாம்பரத்தில் மகனோடு இருக்கிறாள். எடுக்காமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எடுத்தார்.

"தம்பி, சனிக்கிழமை வாரோம். மறந்திராதிய."

"வாங்க மதினி."

"இந்தத் தடவை கெசியாவும் வாரா. பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாளாம், எங்க தாத்தா பேருல ஒரு பிராணி இருக்குன்னு. டீச்சர் நம்பலையாம். போட்டோ எடுத்துட்டு வான்னுட்டாவ. பேத்தியும் மகனும் ரெண்டு நாளா அதே பேச்சு."

"சரி மதினி."

"என்ன சரி சரிங்கிய. சாப்ட்டியளா?"

"சாப்பிட்டாச்சு."

"என்ன சாப்ட்டிய?"

பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள், அவள் வைத்துவிட்டாள். சாப்பிடவில்லை. பை அப்படியே ஆணியில் தொங்கியது. சொல்லியிருக்கலாம், இப்போதே சொல்லியிருக்கலாம், மதினி, சனிக்கிழமை வேண்டாம், அந்தப் பிராணி அண்ணாச்சியுடையதா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. வருஷா வருஷம் அண்ணாச்சி இறந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர்கள் வருவார்கள். முதலில் அவள் தனியாகக் கைக்குழந்தையோடு வந்தாள், பிறகு பையனைக் கையில் பிடித்துக்கொண்டு, பிறகு மருமகளோடு. வாழையிலையில் கட்டிய முந்திரிக்கொத்து வரும், தூக்குவாளியில் மீன் குழம்பு வரும், இவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மண்டையோட்டை மேஜைமேல் வைத்துப் பேச ஆரம்பிப்பார், திருகலைப் பற்றி, பல்லைப் பற்றி, அந்தக் காலத்தில் அந்த மலையில் ஓடின ஆற்றைப் பற்றி. அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். மற்றவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, பூ வைத்துவிட்டு வருகிறார்கள். அண்ணாச்சியை அடக்கம் செய்தது எங்கேயோ வடக்கே, அவளுக்கு இதுதானே. அவள் புருஷனுக்கு ஊர் ஊராகச் சிலையா வைத்திருக்கிறார்கள், ஒரு பிராணியின் பெயர், அதுவும் செத்துப்போன பிராணி. அதையும் பிடுங்குவதா. பெயர் என்றால் ஒரேயடியாகவும் அழியாது, அதுதான் இந்தத் தொழிலின் கொடுமை. ஒரே பிராணிக்கு இரண்டு பெயர் வந்துவிட்டால் முதலில் வைத்த பெயருக்குத்தான் உரிமை, பின்னால் வந்தது செல்லாத பெயராகி, மூத்த பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் கிடக்கும், இன்னார் தப்பாக வைத்தது என்று வைத்தவன் பெயரோடு சேர்த்து. கோயில்பிள்ளை என்ற பெயர் தப்புக்கு உதாரணமாக நிற்கும். பாடம் எடுக்கிறவர்கள் சொல்வார்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அந்த இரண்டாவது கொம்பு கிடைக்காமலே போயிருந்தால். இந்த நினைப்புக்கு எத்தனை வருஷம் ஆனாலும் கூர் மழுங்குவதில்லை. இமயமலை அடிவாரத்தில் இரண்டு பேரும் முகாம் போட்டிருந்தபோது ஓடைக்கரையில் மண்டையோட்டைக் கண்டுபிடித்தது அண்ணாச்சிதான், பக்கத்திலேயே ஒரு கொம்பு ஒடிந்து கிடந்தது, மற்றது இல்லை. புது இரலையாக இருக்குமோ என்று ஆவுடையப்பனுக்கு அப்போதே ஆசை, ஆனால் ஒன்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அதுவும் அடிப்பாகம் தேய்ந்த ஒன்றை வைத்து. "ரெண்டாவது இல்லாம ஒரு வரி எழுத முடியாது அண்ணாச்சி." யார் சொன்னது, ஆவுடையப்பன் சொன்னார், சப்பாத்தியைப் பருப்பில் தோய்த்துக்கொண்டே சொன்னார், ஏதோ உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரி. "இருந்தா ஓடைல கீழ உருண்டு போயிருக்கும், மழைக்கு முன்னால ஒரு நடை பாத்துட்டு வாரேன்" என்று அவர் எழுந்து போனார். நானும் வருகிறேன் என்று சொன்னேனா? சொன்ன மாதிரிதான் இருக்கிறது. இல்லை, கூடாரத்துக்குள் உட்கார்ந்து பல்லை அளந்துகொண்டிருந்தேன். மழை மூன்று மணிக்கே பிடித்துக்கொண்டது. அந்த ஓடைகளை நம்பக்கூடாது, காலையில் மணல், மாலையில் ஆள் உயரத் தண்ணீர். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அண்ணாச்சி வந்தார், மேல்சட்டை இல்லை, சட்டையில் எதையோ சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார், பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. "இந்தால, உன் கொம்பு." அவ்வளவுதான் சொன்னார். வலதா இடதா என்று சொல்லவில்லை. கண்ணைப் பொத்திக்கொண்டு சொல்கிறவர், கேட்காமலே சொல்கிறவர், அன்றைக்குச் சொல்லவில்லை. நான் கேட்டேனா? கேட்கவில்லை. கொம்பை வாங்கிக்கொண்டு லாந்தர் பக்கம் ஓடினேன். ஒரு மனிதன் எதிரே வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு நிற்கிறான், அவனுக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கவில்லை. துண்டை டிரைவர் எடுத்துக் கொடுத்தான். இதில் மட்டும் ஞாபகம் பிசகுவதே இல்லை, நீலக் கோடு போட்ட துண்டு.

காய்ச்சல் மறுநாள். அதற்கு அடுத்த நாள் மூச்சு வாங்கியது. ஜீப் ஒன்றுதான் இருந்தது. "நீ இங்கன இரு. அடுத்த மழைக்கு மண்டை தாங்காது, கட்டு. ரெண்டு ஊசி போட்டுட்டு வந்திருதேன்." அவரேதான் சொன்னார், அதற்கு டிரைவர் சாட்சி. எத்தனை தடவை இந்தச் சாட்சியை மனசுக்குள் கூண்டில் ஏற்றியிருப்பார் ஆவுடையப்பன். அவர் சொன்னார், அதனால் நான் இருந்தேன். பாறையிலிருந்து மண்டையோட்டை அசையாமல் எடுக்க வேண்டுமானால் சாக்குத் துணியை, எலும்பு ஒடிந்தால் கட்டுப் போடுகிற மாவுச்சாந்தில் நனைத்துச் சுற்றிலும் கட்ட வேண்டும், அது காய வேண்டும், பிறகு புரட்டி அடியிலும் கட்ட வேண்டும். ஈரக்காற்றில் காயவே இல்லை. காய்கிறதா காய்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தார், அங்கே மாவட்ட ஆஸ்பத்திரியில் அண்ணாச்சிக்கு நெஞ்சில் சளி கட்டி நிமோனியா என்று சொல்லிவிட்டார்கள், தந்தி போய், எப்சிபாள் மடியில் கைக்குழந்தையோடு இரண்டு நாள் ரயிலில் வந்து சேர்ந்துவிட்டாள். மெட்ராஸிலிருந்து அவள் வந்துவிட்டாள். பக்கத்து மலையிலிருந்து இவர் போகவில்லை. ஜீப் திரும்பி வந்தபோது மண்டை பத்திரமாகக் கட்டியாகிவிட்டது, அவர் சந்தோஷமாக எழுந்து, இப்ப எப்படி இருக்கார் என்றுதான் கேட்டார். டிரைவர் தலைப்பாகையைக் கழற்றினான். ஜீப்பிலேயே கூடப் போயிருக்கலாம். நடந்தே போயிருக்கலாம். கல் எங்கே ஓடிவிடப் போகிறது, லட்சம் வருஷம் கிடந்தது இன்னும் நாலு நாள் கிடக்காதா, கிடக்காமல் மழையில் கரைந்தால்தான் என்ன, கரைந்திருந்தால் நல்லதாகக்கூட இருந்திருக்கும். இந்த வருத்தத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சமாதானம் சொல்வார்கள், சமாதானம் சொன்னால் தாங்காது. எப்சிபாளிடம் அந்த நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால், நீங்க அப்ப எங்க இருந்திய என்று அவள் திருப்பிக் கேட்க ஒரே ஒரு வார்த்தை போதும்.

ஒரு வருஷம் அவள் வீட்டுப்பக்கமே போகவில்லை. அந்த ஒரு வருஷமும் இந்த மேஜைதான். கொம்புகளின் அடியில் மணற்கல் சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. ஊசியால் ஒவ்வொரு மணலாகக் குத்தி எடுத்தால் எலும்பு ஒடிந்த வாய் தெரியும், மண்டையிலும் கொம்பிலும் அந்த வாய்கள் ஒன்றோடொன்று பொருந்தும், பொருந்தினால் எது எந்தப் பக்கம் என்பதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அதற்கு மாசக்கணக்கில் ஆகும். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குள் கட்டுரை அச்சில் வந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. மணலை அப்படியே விட்டு, இடைவெளியை மாவுச்சாந்தால் அடைத்து, ஒட்டினார். இப்படியும் வைத்துப் பார்த்தார், அப்படியும் வைத்துப் பார்த்தார், இரண்டும் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. ஒரு மாதிரி வைத்தால் சாதாரண இரலை. இன்னொரு மாதிரி வைத்தால் இதுவரை உலகத்தில் யாரும் பார்த்திராத இரலை, பெயர் வைக்கக் காத்திருக்கிற இரலை. பொய் சொல்லவில்லை அவர், அதை யாரும் சொல்லிவிட முடியாது. பார்த்தார், உண்மையிலேயே அப்படித்தான் பொருந்துகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவன் நாலாவது காலை ஒளித்தா வைக்கிறான், அவன் கண்ணுக்கு அது தெரிவதில்லை. அவருக்கு அன்றைக்கு ஒரு புது இரலை வேண்டியிருந்தது. வெறுங்கையோடு அந்த வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது. கட்டுரை வந்த அன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு போனார். எப்சிபாள் வெள்ளைச் சேலையில் இருந்தாள், நர்ஸ் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி பேரை வச்சிருக்கேன் மதினி என்று சொல்லித் தாளை நீட்டினார். அவள் அந்தத் தாளைப் பார்க்கவில்லை, இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ரொம்ப நேரம். பிறகு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். அன்றைக்குத்தான் ஒரு வருஷத்துக்குப் பிறகு சீனியின் ருசி நாக்கில் தெரிந்தது அவருக்கு.

நூலை அவிழ்த்தார். பஞ்சு மஞ்சளாகியிருந்தது. பசை மேலாக ஜவ்வு மாதிரி வந்தது. கொம்பை லேசாக அசைத்தார், அசைந்தது. கையை எடுத்துவிட்டார். இப்போதும் நிறுத்தலாம். காய விட்டுவிட்டால் மறுபடி இறுகிக்கொள்ளும், பார்த்தேன் அம்மா, சரியாகத்தான் இருக்கிறது என்று சண்டிகருக்கு ஒரு வரி எழுதிவிட்டால் யார் வந்து பிரித்துப் பார்க்கப் போகிறார்கள். சனிக்கிழமை கெசியா வருவாள், போட்டோ எடுப்பாள், டீச்சர் நம்புவாள். தான் கண்ணை மூடுகிறவரை தள்ளிவிடலாம், அதற்குப் பிறகு ஹர்லீனே வந்து பிரிக்கட்டும். இதில் யாருக்கு நஷ்டம். எந்த இரலை வந்து கேட்கப் போகிறது. இப்படியெல்லாம் அவர் நியாயம் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே கை தன்பாட்டில் கொம்பைப் பிடித்துக் கழற்றிக்கொண்டிருந்தது. நாற்பது வருஷப் பழக்கம், சொன்னால் கேட்காது. இரண்டு கொம்பும் வந்துவிட்டன. சாந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஊசியை எடுத்தார், பூதக்கண்ணாடி விளக்கை இழுத்தார், மணலைக் குத்த ஆரம்பித்தார். அசிட்டோனில் ஊறியதாலோ என்னவோ அன்றைக்கு அசையாத மணல் இன்றைக்கு அசைந்தது. முழுக்க வேண்டாம், ஒரு ஓரம் போதும். மண்டையின் வலது பக்கத்தில் ஒரு சின்ன மேடு, அவரைக்கொட்டை அளவு. கழுத்து வலித்தது. வியர்வை மூக்கு நுனியில் நின்றது. வலது பக்கம் ஒட்டியிருந்த கொம்பின் அடியில் அந்த மேட்டுக்குப் பள்ளம் தேடினார், இல்லை. சரி, தேய்ந்திருக்கும். தேய்ந்தும் இருக்கலாம் அல்லவா. மற்றதை எடுத்தார். முப்பது வருஷம் இடது கொம்பு என்று அவர் நம்பிக்கொண்டிருந்ததை எடுத்து, அதன் ஓரத்தையும் குத்திச் சுத்தம் செய்து, வலது பக்கத்தில் வைத்தார். மேடு பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. ஒட்டவே வேண்டாம் போல நின்றது. கையை எடுத்த பிறகும் நின்றது. சாதாரண இரலை, அந்த மலையில் எங்கே தோண்டினாலும் கிடைக்கிற இரலை, அவரை ஏறிட்டுப் பார்த்தது. அண்ணாச்சி ரெண்டாம் தடவை செத்துப்போனார் என்று தோன்றியது, இந்தத் தடவையும் தன் பக்கத்தில் இருந்தது மண்டைதான். அழுகை வந்தது. வந்ததை அவர் தடுக்கவில்லை, யாரும் இல்லாத அறைதானே.

முகம் கழுவிக்கொண்டு வந்து போனை எடுத்தார். என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்து வைத்திருந்த வாக்கியங்களெல்லாம் மணி அடிக்கும்போதே மறந்துபோயின.

"என்ன தம்பி, இப்பத்தான பேசினோம்."

"மதினி, ஒண்ணு சொல்லணும். புள்ளையக் கூட்டிட்டு வாரதுக்கு முன்னால சொல்லிரணும்."

"சொல்லுங்க."

"கொம்பு ரெண்டும் பக்கம் மாறி ஒட்டியிருக்கு. நான்தான் ஒட்டினேன். இப்பக் கழட்டிப் பாத்துட்டேன். அது புது இரலை இல்ல மதினி, ஏற்கெனவே பேரு இருக்கிற பழைய இரலைதான். அண்ணாச்சி பேரு இனிமே அதுக்கு இருக்காது."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. திட்டட்டும், திட்டினால் நல்லது என்று காத்திருந்தார்.

"அழுதியளா?" என்றாள்.

"இல்ல. நான் சொன்னது விளங்குச்சா மதினி?"

"விளங்காம என்ன. அதான் அவியளே சொன்னாவளே."

"யாரு?"

"அவியதான். ஆஸ்பத்திரில வச்சு. கொம்பைத் தண்ணிக்குள்ள இருந்து எடுத்த ஒடனே தடவிப் பாத்தாவளாம், தெரிஞ்சிபோச்சாம். பழசுதான் எப்சி, ஆவுடை புதுசுன்னு நெனச்சிக்கிட்டு அங்க கட்டிக்கிட்டுக் கெடக்கான், சந்தோசமா இருக்கான், கட்டட்டும், ஊருக்கு வந்து சொல்லிக்கிடலாம்னாவ. சொல்லிட்டுச் சிரிக்கவும் செஞ்சாவ."

"நீங்க ஏன் என்கிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்லுவேன். ஒரு வருசம் எட்டிப் பாக்காத ஆளு, அந்தத் தாளைத் தூக்கிட்டு வந்து வாசல்ல நின்னிய. மொகத்தைப் பாத்தேன். இதையும் இல்லன்னு சொல்லிட்டா இந்த மனுசன் எதைப் பிடிச்சிக்கிட்டு இருப்பாருன்னு தோணிச்சு, விட்டுட்டேன். பொறவு அப்படியே ஆயிப்போச்சு. வருசா வருசம் எலும்பைப் பாக்கவா வந்தோம் தம்பி. நீங்களா வீட்டுக்கு வரமாட்டிய, வந்தாலும் ஒக்காரமாட்டிய. எங்க வீட்டு ஆளு ஒருத்தர் ஒத்தையில கெடக்காரேன்னு வந்தோம். கெசியாட்ட நான் சொல்லிக்கிடுதேன். அவ தாத்தாவுக்குப் பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் தெரியும்னு சொன்னா அவளுக்குப் போதும்."

ஒரு பெண்ணின் துக்கத்துக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார் இத்தனை வருஷமாக, அவள்தான் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து இவரை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாள். வந்தபோதெல்லாம் அவள் வாயைத் திறக்கவிடாமல் திருகலையும் பல்லையும் பேசி அனுப்பியிருக்கிறார். ஒரு மனிதனுடைய கடைசிப் பேச்சு முழுவதும் அவளிடம் இருந்தது, அதைக் கேட்க ஆள் இவர் ஒருவர்தான் இருந்தார், அவரும் கேட்கவில்லை. எத்தனை சனிக்கிழமைகள். பாவி, பாவி என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டார்.

"மதினி."

"இருக்கேன்."

"அண்ணாச்சி வேற என்னவெல்லாம் பேசினாவ? ஆஸ்பத்திரில."

அடுப்பை அணைக்கிற சத்தமும், பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போடுகிற சத்தமும் கேட்டன.

"நீங்க கேக்கவே மாட்டியன்னு நெனச்சேன்" என்றாள் எப்சிபாள். பிறகு, "மொத நாளு கஞ்சி கேட்டாவ" என்று ஆரம்பித்தாள்.